மதிலைத் தாண்டிப் போன சாரி நம்பர்

ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் கதைக்க வைப்பது என் தொழில். அவை கதைக்காவிட்டால் கடைக்காரர் கதைப்பதைக் கேட்பதும் அதில் அடக்கம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பீப்

சம்மாந்துறையில் ஒரு பலசரக்குக் கடை. "மெஷின் பீப் எண்டு கத்துது, பில்லில ஒண்டும் விழல்ல" என்றார் முதலாளி. பார்கோடை வாசித்தவுடன் ஸ்கேனர் பீப் அடித்துவிடும், அது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை என்றேன். எல்லாரையும் குழப்பும் விஷயம் இது. அவர் குழம்பவேயில்லை. ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிதான் தம்பி, பாங்கு கேட்ட எல்லாருமா தொழப் பள்ளிக்கு வாறாங்க?"

மதில்

கல்முனையில் பாறூக் ஹாஜியாரின் சாரிக்கடையிலும் அதே பீப், அதே வெறும் பில். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய நேரம். வயரில்லாத ஸ்கேனர். வயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கலாம். இதில் எதைப் பிடிப்பது? தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு சாரியை ஸ்கேன் பண்ணினேன். பக்கத்துப் புத்தகக்கடையிலிருந்து ஒரு சத்தம்: "இந்தா, திரும்பவும் கம்ப்யூட்டர் தன்பாட்டில நம்பர் அடிக்குது!"

சாரி நம்பர் எங்கே போகிறதென்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், வாங்க போய்ப் பார்ப்போம் என்றேன். ஹாஜியார் அசையவில்லை. புத்தகக்கடை நிஸாம், ஹாஜியாரின் மனைவி ரம்ஸியா ராத்தாவின் உடன்பிறந்த காக்கா, அதாவது அண்ணன். நடு மதில் யாருக்கு என்ற சண்டையில் மச்சான்மார் இருவரும் கதைப்பதில்லை. போன பெருநாளைக்கு நிஸாம் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டுக்கும் வரவில்லையாம். ஹாஜியார் சொன்னார்: "அந்தக் கடைப் படிய நான் மிதிக்கமாட்டன். மெஷின் போனா நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

ஸ்டாண்ட்

இந்த வகை ஸ்கேனர், எந்த ஸ்டாண்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றுகிறோமோ அந்தக் கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் இது நிஸாம் கடையிலுள்ள இதே வகை ஸ்டாண்டில் இருந்திருக்கிறது. யார் கொண்டுபோய் வைத்தது? "எங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்க போறல்ல" என்றார் ஹாஜியார். அவருக்குப் பின்னால் ரம்ஸியா ராத்தா, மடித்த சாரியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கடை ஸ்டாண்டின் வயர் அறுந்துகிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். சார்ஜ் ஏற்ற அதைக் காக்கா கடைக்குக் கொண்டுபோனது யாரென்று விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் நிஸாமே வாசலில் வந்து நின்றார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "மச்சான், உங்கட சாரியெல்லாம் எங்கட பில்லில விழுது" என்றார். "புத்தகம் போகாட்டி சாரிய வில்லுங்க" என்றார் ஹாஜியார், அவரும் நேரே பார்க்காமல். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயரை மாற்றி ஸ்கேனரைத் திரும்பச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஸ்கேனரை எடுக்கக் கையை நீட்டினேன். பிளேன்டீ கொண்டுவந்த ரம்ஸியா ராத்தா மெல்லச் சொன்னார்: "ஆறுதலா செய்யுங்க தம்பி. இவர் இன்னும் காக்காவ பெருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடல்ல."

அந்த ஐந்து நிமிட வேலையைப் பின்னேரத்து அசர் பாங்கு வரைக்கும் இழுத்தேன். வேலை தெரியாதவன் என்ற பெயர் எனக்கு, பெருநாள் புரியாணி நிஸாமுக்கு.