வாசலில் கட்டிய வேப்பிலை

இரத்தப் புற்றுநோய் வந்த என் தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுத்தது நான்தான். சில மாதங்களில் நோய் மறுபடி எட்டிப்பார்த்தது. அதை எதிர்க்க என் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புச் செல்களையும் எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள்.

"அதுகள் சண்டை பிடிக்கத்தான் வேணும். ஆனா கூடினா தம்பியின்ர உடம்பையே தாக்கும். தோலில ஏதும் கண்டா உடன சொல்லுங்கோ," என்றார் டொக்டர்.

ஒருநாள் வேலை முடிந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்தால், கதவில் வேப்பிலை கட்டியிருந்தது. தம்பியின் நெஞ்செல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

"அம்மாள் வந்திருக்கிறா. மருந்து ஊசி ஒண்டும் கூடாது, கோவிச்சிடுவா," என்றார் அம்மா. காலையிலேயே கண்டிருக்கிறார், ஒருவருக்கும் சொல்லவில்லை.

அம்மை என்றாலும் இந்த உடம்பு தாங்காது. என் செல்கள் என்றால் அது இன்னொரு பயம். தம்பியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஓட்டோ வீதி நெரிசலில் நின்று நின்று போனது. அம்மா வேப்பிலையையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

சோதித்துவிட்டு டொக்டர் சொன்னார்: "இது அம்மாள் இல்ல அம்மா. மகளின்ர செல்கள் வேலை செய்யுது. கூடாமல் இருக்க மருந்து தாறன்."

அம்மா வேப்பிலையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு அதை என் மடியில் வைத்தார்.

"அப்ப வந்திருக்கிறது நீயோ. கொஞ்சமாக் கோவி பிள்ளை. கனக்க வேண்டாம்."

இப்போதும் தினமும் அவன் நெஞ்சைப் பார்க்கிறேன். புள்ளி கூடினாலும் பயம், ஒன்றுமே இல்லாவிட்டால் என் செல்கள் நோயோடு சண்டை பிடிக்கவில்லையோ என்று பயம். பார்க்கும்போதெல்லாம் அம்மா சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.