அமெரிக்கா மாறிவிட்டதா என்று பிள்ளைகளுக்கு விளக்கிய கதை

சிறுவர் பக்கம் நடத்துவது சுலபமான வேலை, பெரியவர்கள் அதை வாசிக்காமல் இருந்தால். பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கப் போய் மாட்டிக்கொண்ட அன்பர்களே, நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆசிரியர் வைத்த நிபந்தனை

கனடாவின் ஸ்காபரோவில் வரும் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகையில், என் பக்கத்தைத் தவிர எல்லாப் பக்கங்களிலும் வீடு விற்கிறவர்கள் விளம்பரப் படங்களில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிந்த வாரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தேர்தலோடு அந்த நாட்டு அரசியல் நிரந்தரமாக மாறிவிட்டதா என்று பிள்ளைகளுக்கு விளங்க எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால்?

"வீடு விக்கிற ஒருத்தர் உங்கட பக்கத்தைக் கேட்டு நிக்கிறார், அண்ணை. அவர் ஒண்டும் விளக்கத் தேவையில்லை, சிரிச்சாலே போதும்."

வண்ணம் தீட்டும் போட்டி

முதலில் அமெரிக்க வரைபடத்தை வெள்ளையாக அச்சிட்டு, மாநிலங்களுக்கு வென்ற கட்சியின் நிறத்தைத் தீட்டச் சொன்னேன். கனடாவில் தாராளவாதிகளுக்குச் சிவப்பு, பழமைவாதிகளுக்கு நீலம். எல்லைக்கு அப்பால் நேர்மாறு. இங்கே பிறந்த பிள்ளைகள் இங்கத்தைய நிறத்தையே தீட்டி அனுப்பினார்கள். நியூயோர்க்கும் டெக்சாசும் கட்சி மாறி நின்றன.

பரிசு கிடைக்காத பிள்ளையின் தாய் பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஆசிரியர் அடிமட்டம் வைத்து என் பக்கத்தை அளந்துகொண்டிருந்தார்.

"என்ர மகள் கோட்டுக்கு வெளியில ஒரு பொட்டும் போகேல்லை. நிறம் பிழை எண்டால் அந்த நாட்டை மாத்தச் சொல்லுங்கோ!"

மேசை மாறியவர்கள்

கடைசியில் நம் மண்டபங்களில் நடக்கும் விருந்தை வைத்து எழுதினேன். கொத்துரொட்டி முதலில் வருகிறது என்று பக்கத்து மேசைக்கு ஓடுகிறவர் அன்றைக்கு மட்டும் அங்கே இருப்பார். அடுத்த விருந்திலும், அதற்கடுத்த விருந்திலும், சாப்பாடு பிந்தி வந்தாலும் குடும்பத்தோடு அங்கேயே போய் இருந்தால்தான் மேசை மாறிவிட்டார் என்று அர்த்தம். வாக்காளர்களும் அப்படித்தான். கோபத்தில் ஒருமுறை மாறிப் போடலாம். வேட்பாளர் மாறிய பிறகும் கூட்டமாக அங்கேயே நின்றால்தான் அது நிரந்தரம்.

ஆசிரியர் வாசித்துவிட்டு, "அப்ப இந்தமுறை?" என்றார்.

"இன்னும் இரண்டு தேர்தல் பார்த்தால்தான் தெரியும்" என்றேன்.

ஆசிரியர் உடனே வீடு விற்கிறவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, குறை நினையாதையும். ஒரு எட்டு வருசம் பொறுக்கவேணும், அண்ணைக்கு முடிவு இன்னும் வரேல்லையாம்."

அமெரிக்கா நிரந்தரமாக மாறியதோ இல்லையோ, இரண்டு தேர்தலுக்கு என் பக்கம் நிரந்தரம்.