துண்டு போட்ட சீட்டு

இன்று பிள்ளைகளோடு மாமல்லபுரம் கிளம்பினோம்.

உத்திரமேரூர் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் என் கணவர் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போட்டார். இன்னொருவர் கையை விட்டு அதை உருவி வீசிவிட்டுத் தன் பையை வைத்தார்.

"இன்னாய்யா, துண்டு போட்டுக்கீறேன், கண்ணு தெரியல?"

"துண்டு போட்டா பஸ்ஸு உன்னுதா?"

அடுத்த நொடி அவர் உதடு கிழிந்தது. இவர் மூக்கில் ரத்தம். புழுதியில் உருண்டு, செருப்பால் அடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன எனக்கும் ஒரு குத்து விழுந்தது.

போதும் என்று பிள்ளைகளோடு ஏறி அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் அந்த ஆளின் மனைவி. பஸ் கிளம்பியது. கீழே உருண்டுகொண்டிருந்த புருஷன்களை நாங்கள் இருவரும் கூப்பிடவில்லை.

"புளிசோறு கீது, துண்றீங்களா?" என்றாள்.

கடல் அருமை. ஸ்டாண்டுப் பக்கம் போகிறவர்கள் அந்த இரண்டு பேருக்கும் ரத்தம் துடைக்கப் பஞ்சு வாங்கிக் கொடுங்கள். துண்டு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.