பெரியம்மாவின் போனில் என் பொட்காஸ்ட்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற பஸ். பக்கத்தில் பெரியம்மா. அவருடைய போனில், சத்தமாக, நான் பெயர் சொல்லாமல் தொடங்கிய பொட்காஸ்ட்.

“எனக்குச் சீதன வீடு கட்டுறாங்க. மாப்பிள்ளையும் அங்கதான் வந்து இருப்பாராம். இனி நான் எங்கயும் போக ஏலாது,” என்று என் குரல் புலம்புகிறது.

“ஆரோ நம்மட பக்கத்துப் புள்ளதான். தாய் தகப்பன் பாவம்,” என்றார் பெரியம்மா.

வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவேன். எங்கே இறக்கம் என்று கொண்டக்டர் கேட்டதற்கும் கையைத்தான் காட்டினேன்.

“என்ன புள்ள, தொண்ட கட்டிட்டா?” என்றார் பெரியம்மா.

தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து போனுக்குள் இன்னொரு குரல்: “மேசன்மாருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சா?”

கட்டி முடியாத அந்த வீட்டுக்குள் இருந்துதான் பதிவு செய்தேன். அம்மா கூப்பிட்டதை வெட்ட மறந்துவிட்டேன்.

பெரியம்மா போனை நிறுத்தினார். சொந்தத் தங்கச்சியின் குரல் அவருக்குத் தெரியாதா?

“கொம்மாக்கு அனுப்பட்டா?”

“ஐயோ, அம்மாக்கு வேணாம் பெரியம்மா!”

முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போதுதான் செங்கலடி, மட்டக்களப்புக்கு இன்னும் தூரம். பெரியம்மா முதலிலிருந்து மறுபடி போட்டிருக்கிறார், இன்னும் சத்தமாக.

இவ்வளவு நீளமாகப் பேசாதே என்று, என் பொட்காஸ்டைக் கேட்கிற உங்களில் ஒருவராவது கமென்ட் போட்டிருக்கக் கூடாதா?