இதைப் போட்டால் வீடு தெரியுமா?

குவைத்திலிருந்து விடுமுறைக்கு வரும் என் வீட்டுக்காரர் போன வாரம் டிக்கெட்டை என் போனுக்கு அனுப்பி, சீட்டை நீயே போட்டுவிடு, எனக்கு இங்கே நேரமில்லை என்றார். தொட்டதும் விமானத்தின் வயிற்றைக் கீறி விரித்து வைத்தாற்போல் ஒரு படம் வந்தது. யோசிக்கவே இல்லை, விரல் தானாக வலப்பக்க ஜன்னலோரத்தில் போய் அமுக்கியது. எனக்கே சிரிப்பு. நான் இதுவரை விமானத்தில் ஏறியது கிடையாது. ஆனால் கல்ஃபிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள ஒரு கம்ப்யூட்டரை நாலு தடவை பிரித்துப் போட்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கருங்கல் என்கிற எங்கள் ஊரில், ஒரு உரக்கடைக்கு மேல் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கும் என்னைப் பார்த்தே, "மெக்கானிக் எங்க மோளே?" என்று கேட்பார்கள். சாயா குடிக்கப் போயிருக்கார் என்று சொல்லிவிட்டு நானே கழற்றத் தொடங்குவேன். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பெட்டிகளை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். மூடியைத் திறந்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்த ஸ்க்ரூக்கள், கூடவே லேசாய்க் கருவாட்டு வாசனை. இன்றைக்கும் மீன் கடையைத் தாண்டும்போது எனக்கு மதர்போர்டு ஞாபகம்தான் வரும். யாரிடம் சொல்ல முடியும் இதை!

அப்படி மணத்துக்கொண்டு வந்ததுதான் இனயம் கடற்கரை ஊர்க்காரர் மிக்கேல் அண்ணனின் பெட்டி. ஆட்டோவில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இருபது வருஷம் சவுதியில் வெல்டராக இருந்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் ஒரேயடியாக ஊர் திரும்பியவர். வெளியூரில் படிக்கப் போன மகன் விட்டுப் போன கம்ப்யூட்டர் அது. கூடவே ஒரு சிடி, விமானம் ஓட்டுகிற விளையாட்டு. நிஜ விமானத்தில் இருப்பது போலவே முள்ளும் விளக்குமாக இருக்கும், உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் இறங்கலாம். ஆனால் அண்ணன் வீட்டுப் பெட்டியில் ஒரு படம் வந்து, பத்து எண்ணினால்தான் அடுத்த படம் வரும்.

"இதுல போனா லீவு முடிஞ்சிரும் மக்கா" என்றார்.

முதலில் ராம் என்கிற மெமரியை மாற்றச் சொன்னேன். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதப் போட்டா வீடு தெரியுமா?"

"தெரியும் அண்ணே. வீடு, மரம், ரோடு எல்லாம் தெளிவாத் தெரியும்."

நான் சொன்னது சிடி அட்டையில் போட்டிருந்த வீடுகளை. அவர் கேட்டது எதை என்று எனக்குப் புரியப் பல வாரம் ஆயிற்று.

ராம் போட்டதும் விமானம் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. அடுத்து கிராபிக்ஸ் கார்டு. நாகர்கோவிலுக்கு நானே பஸ் ஏறிப் போய், இருப்பதில் நல்லதாக, சின்ன மின்விசிறியெல்லாம் வைத்த ஒன்றை வாங்கி வந்தேன். போர்டில் வைத்துப் பார்த்தால் இறங்கவில்லை. கார்டு புது மாதிரி, போர்டு பழைய மாதிரி, அதன் துளையே வேறு. வாங்கும் முன் பார்க்க வேண்டும் என்பது ஹார்டுவேர் படிப்பில் முதல் வாரப் பாடம். மானம் போகக் கூடாது என்று, போர்டையும் மாற்றினால் இன்னும் தெளிவாக இருக்கும் என்றேன்.

"அப்ப வீடு தெரியும்லா?"

தலையாட்டினேன். போர்டை மாற்றி, கார்டை மாட்டி, அவர் வீட்டிலேயே கொண்டுபோய் சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், பின்னாலிருந்து புகை. புதுக் கார்டு இழுத்த கரண்டைப் பழைய பவர் சப்ளை தாங்கவில்லை. அண்ணனின் மனைவி ரோசம்மா மைனி அடுக்களையிலிருந்து ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டார். பவர் சப்ளையும் மாறியது. இதோடு அந்தப் பெட்டியில் பழசாக மிஞ்சியது கருவாட்டு வாசனை மட்டும்தான்.

அதன்பின் விமானம் ஓடியது பாருங்கள், வெண்ணெய் மாதிரி. அண்ணன் கடற்கரைக்கு மேலே கொண்டுவந்து திரையில் விரலை வைத்துத் தேடினார். பச்சையாக ஒரு பட்டை, பக்கத்தில் நீலத் தண்ணீர். அவ்வளவுதான்.

"கோயில எங்க? வீட்ட எங்க மக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கார்டு போட்டாலும் உங்கள் வீடு வராது அண்ணே, இதைச் செய்தவன் இனயத்தைக் கண்டதே இல்லை என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மைனி சந்தைக்குப் போயிருப்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவர் விஷயத்தைச் சொன்னார்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர் விமானம் இறங்கும் நேரத்தில், மைனி மொட்டை மாடியில் நின்று சிவப்புச் சேலையை வீசுவாராம். இவரும் நாலு மணி நேரம் முன்னதாகவே போய் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை பிடித்து வாங்குவார். ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. முதல் வருஷம் மைனி ஆசையாகக் கேட்டபோது வாய் தவறிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எல்லா வருஷமும் பார்த்தார். மேலேயிருந்து பார்க்கத் தான் எப்படி இருந்தேன் என்று கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லி மைனி இப்போது நச்சரிக்கிறார்.

"இனி பொய் சொல்ல ஒக்காது மக்கா. ஒரு தடவையாவது எனக்கு அதப் பாக்கணும்."

வீடு வராவிட்டாலும் கடற்கரையின் வளைவு சரியாகத்தான் இருந்தது. விமானம் வருகிற வழியையாவது பார்ப்போம் என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து உட்கார்ந்தோம். கொல்லத்துக்கு நேராக, கடலின் மேல் ஆகாயத்திலேயே விமானத்தை நிறுத்தித் தெற்கே விட்டோம். கரை இடது பக்கம் தூரத்தில் ஒரு கோடாக வந்தது.

"பாத்தியா? வடக்கேருந்து வந்தா கர இடதுல்லா. வள்ளத்துல போறவனுக்குத் தெரியாதா? அதான் நா எப்பவும் இடது பக்கமே வாங்குவேன்."

ஆனால் விளையாட்டில் வருகிற விமான நிலைய டவர் நேரே இறங்க விடவில்லை. அது காட்டிய வழியில் விமானம் திருவனந்தபுரத்தைத் தாண்டித் தெற்கே போய், திரும்பி, தாழ்ந்து, கரையை ஒட்டி வடக்கு முகமாக வந்தது. இனயம் இருக்க வேண்டிய இடம் இப்போது வலது பக்கம், கை எட்டும் போல ஓடியது. வள்ளம் நேரே கரைக்கு வரும், விமானம் சுற்றிக்கொண்டு வரும். இருபது வருஷமும் மனுஷர் சண்டை போட்டு வாங்கியது கடலைப் பார்க்கிற ஜன்னல்!

கட்டன் சாயாவோடு பின்னால் நின்ற மைனியை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

"அப்ப நீங்க என்னப் பாக்கவே இல்ல" என்றார் மைனி.

அண்ணன் நாற்காலியில் சுருங்கிப் போனார். மைனி நிதானமாகச் சாயாவை வைத்தார்.

"எனக்குத் தெரியும். ஒரு வருசம் நல்ல மழ. நா மாடியில கேறவே இல்ல, அடுக்களையில நின்னு கொழம்பு வச்சேன். அன்னைக்கும் வந்து எறங்கி, சேல செவப்பாத் தெரிஞ்சுதுன்னு சொன்னிய."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறகு எதற்கு வருஷா வருஷம் ஏறி நின்றீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"இவரு என்னப் பாக்கவா கேறுனேன்? பிளேனு தாழ வரும், சன்னல் சன்னலாத் தெரியும். அதுல ஏதோ ஒண்ணுல இவரு இருக்காரு. நா பாக்கண்டாமா?"

அண்ணன் எழுந்து, தன் நாற்காலியை இழுத்துத் திரையின் வலது ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். ஓட்ட ஆளில்லாத விமானம் இனயத்துக் கடலில் போய் விழுந்தது. மைனி விழுந்து விழுந்து சிரித்தார், அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கடை இப்போது போன் உறை விற்கிறது. சிடி போட்டால் எடுத்துக்கொள்ள எந்தப் பெட்டியிலும் வாயில்லை. விமானம் எங்கே வருகிறது என்று பார்க்கவும் போன்தான், சின்ன மஞ்சள் பொம்மையாக ஊர்ந்து வரும். அது கருங்கல் பக்கம் வரும்போது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எதற்கு வலது பக்கம் போட்டாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றேன். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் பயந்து, போன வருஷம்தான் எங்கள் மொட்டை மாடி முழுக்கத் தகரக் கூரை போட்டோம். அங்கே நின்றால் ஆகாயம் தெரியாது.