முந்நூறு வயதுப் புத்தகங்களுக்குக் காவல்

அரிய நூல்கள் இருக்கும் வாசிப்பறையில் வேலை செய்பவருக்கு வாசகர் வராவிட்டாலும் கவலை, வந்தாலும் கவலை. கண்ணாடிச் சாமான் விற்பவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் என் கவலையை விளக்கத் தேவையில்லை.

ரொறன்ரோ நூலகம் ஒன்றில் எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே ஆண்டில் லண்டனில் வெளிவந்த இலக்கிய நூல்களை மேசையில் வைத்து, வருகிறவர்கள் தொட்டுப் படிக்க விடும் ஏற்பாடு. ஒரு புத்தகத்துக்கும் சேதமில்லாமல் வருடம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் மார்கரெட் சொல்லியிருந்தார். அன்றோடு என் நித்திரை போனது. தமிழ் வானொலியில் யாரோ இதைச் சொல்லிவிட, எங்கள் சனமும் வரத் தொடங்கியது.

எச்சில் விரல்

பிறம்ரனில் இருந்து வந்த அங்கிள் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், முதல் பக்கத்தைத் திருப்ப முன்னமே விரலை நாக்கில் வைத்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். மன்னிப்புக் கேட்டார். இரண்டு பக்கம் போகவில்லை, விரல் மறுபடி வாய்க்குப் போனது. அவரைக் குற்றம் சொல்ல ஏலாது, நோட்டு எண்ணிப் பழகிய விரல். கடைசியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, நானே அருகில் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். எழும்பிப் போகும்போது சொன்னார்: “பிள்ளை, நீர் நல்லாத்தான் பரிமாறினீர். ஆனா மற்றவை வாயில தீத்திவிட்டால் வயிறு நிறையாது.”

வெட்டாத மடிப்பு

அந்தக் காலத்தில் அச்சடித்த தாளை மடித்துத் தைத்து விற்பார்கள். வாங்கியவர்தான் மடிப்பை வெட்டிப் படிக்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு கவிதை நூலை வாங்கியவர் வெட்டவேயில்லை. ஸ்காபரோ எழுத்தாளர் ஒருவர் அதை எடுத்தார். சொந்தச் செலவில் நாலைந்து புத்தகம் போட்டவர். அவை பெட்டி பெட்டியாக அவருடைய கராஜில் இருக்கின்றன. மடிப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு உதவி செய்கிற எண்ணத்தில் மடிப்பை வெட்ட, சாவிக்கொத்தில் கார்த் திறப்பை நீட்டிப் பிடித்தார். நுனி தாளில் படமுன் அவர் கையைப் பிடித்துவிட்டேன். யாரும் வாசிக்காமல் அப்படியே இருப்பதுதான் அதன் மதிப்பு என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “முந்நூறு வருசமா ஒருத்தரும் வாசிக்கேல்லையோ? அப்ப எனக்கு இன்னும் காலம் கிடக்கு.”

பேரில்லாத முகப்பு

சிறு நூல் ஒன்றின் முகப்பில் எழுதியவர் பேரும் இல்லை, அச்சிட்டவர் பேரும் இல்லை. ஒஷாவாவில் இருந்து வந்த அன்ரி ஒருவர் ஏன் என்று கேட்டார். அரசை நக்கலடித்த நூல், பிடிபட்டால் இருவரையும் மறியலில் அடைத்துவிடுவார்கள் என்றேன். அவர் கை அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்தது. எழுத்தின் மேல் கை வைக்க விடக்கூடாது. கையை எடுங்கோ என்று சொல்ல வந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவரே மெல்லச் சொன்னார்: “என்ர மனுசனும் ஊரில உப்பிடி ஒண்டு அச்சடிச்சவர். பேர் போடாதபடியாத்தான் இங்க உயிரோட வந்து சேர்ந்தவர்.”

என் முறை

ஒப்பந்தத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருந்தேன். புத்தகங்களை அலமாரிக்குக் கொண்டுபோகையில் மேலே இருந்த நாடக நூல் வழுக்கி என் சப்பாத்தில் விழுந்தது. யோசிக்க முன் கை முந்திக்கொண்டது. எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். நிமிர்ந்தால் எதிரே மார்கரெட், அட்டையில் என் நெற்றித் திருநீறு.

வேலை போச்சு என்று நினைத்தேன். என்ன செய்தாய் என்று கேட்டார். புத்தகம் காலில் பட்டால் அதனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம் என்றேன். அவர் மெல்லிய தூரிகையால் திருநீற்றைத் தட்டினார், மூலைகளைத் தடவினார், பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு கீறலும் இல்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: “புத்தகம் உன்னை மன்னித்துவிட்டது, நான் தனியாக மன்னிக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு.”

வேலை நிரந்தரமாகிவிட்டது, கூடவே கவலையும்.