எட்டுக் கிலோமீற்றர்

அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம் — இது இந்நாட்டுச் சட்டம். 'மனமிருந்தால் பார்க்கலாம்' என்று அதில் எங்கும் இல்லை. ஊரில் முப்பது வருடம் கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவன் நான்; வரிக்கு வரி தேடிவிட்டேன்.

இந்த ஹேர்னிங் நகரத்தில் தையல் ஆலையில் வேலை செய்யும் அந்தோனி, மன்னாரில் இருக்கும் மனைவிக்காக விண்ணப்பித்து ஒன்றரை வருடம். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது. பிறகு... ஒன்றுமில்லை.

அவரோடு இங்கே இருக்கும் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. குடும்பத்தில் யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்கள். அம்மாவுக்கு நேரே 8,000 கி.மீ. என்று எழுதினாள். காற்புள்ளி போடப் பழக்கியது யார்? நான்தான். சனிக்கிழமைகளில் பெரிய எண்கள் சொல்லிக்கொடுக்கும் மேதை!

இங்கே ஆயிரத்துக்குப் புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். ஆசிரியை எட்டுக் கிலோமீற்றர் என்று வாசித்துவிட்டார். "பக்கத்தில்தானே, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவும் வரலாமே" என்றாராம்.

ஜெனி கொப்பியை என் மேசையில் போட்டாள்.

"எட்டுக் கிலோமீற்றர் எண்டால் நானே சைக்கிள்ல போய் ஏத்திக்கொண்டு வந்திருப்பன், ஐயா."

"உன்ரை சைக்கிளில பின் சீற் இல்லையே" என்றார் அந்தோனி.

"அம்மாவை ஓட விட்டிட்டு நான் முன் பார்ல இருப்பன்."

பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன் — கச்சேரியில் பழகாத காரியம். முதலிலிருந்து தொடங்கினோம்.

"எட்டு?"

"அடுத்த ஊர்."

"ஒரு பூச்சியம் போடு."

"எண்பது. எஸ்பியர்க். காரில ஒரு மணித்தியாலம்."

"இன்னொண்டு?"

"எண்ணூறு... ஜேர்மனிக்குள்ள எங்கையோ."

"இன்னுமொண்டு போடு."

பென்சில் நின்றுவிட்டது.

"ஒவ்வொரு பூச்சியத்துக்கும் அம்மா பத்து மடங்கு தள்ளிப் போறா, என்ன ஐயா?"

"ஓம்" என்றேன்.

இடப்பெறுமானத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். அந்தோனி தேநீர் போடும் சாக்கில் குசினிக்குள் போனார். கேத்தில் சத்தம் மட்டும் வரவில்லை.

அன்றே மூன்றாவது நினைவூட்டல் கடிதம் எழுதினேன், சட்டப் பிரிவோடு. அதனால்தான் கோப்பு அசைந்தது என்று பெருமை பேசமாட்டேன். நினைவூட்டல்களுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

அனுமதி வந்த காலை, அந்தோனி உறையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். பாட நேரத்தில் பெற்றோர் வகுப்புக்குள் வரக்கூடாது; ஆனாலும் ஒருவரும் தடுக்கவில்லை.

கோப்புக்காகக் குறித்துவைக்கிறேன்: 1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.